ஆறு வகைத் தோல் பிறந்த கதை

வாட்ஸ்அப்பில் கட்டைவிரல் படத்தைச் சற்று அழுத்திப் பிடித்தால், வழக்கமான மஞ்சளுக்குப் பக்கத்தில் ஐந்து நிறங்கள் வரிசையாக எழுந்து நிற்கும். மும்பை தாராவியில் விடிகாலையில் இட்லிப் பாத்திரத்தைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு கிளம்புகிறவர் கையிலும் அந்தப் போன் இருக்கிறது, செம்பூரில் பேரனுக்குக் காலை வணக்கம் அனுப்புகிற பாட்டி கையிலும் இருக்கிறது. ஐந்தில் ஒன்றைத் தட்டிவிட்டு நகர்ந்துவிடுகிறோம். யாரோ ஓவியர் அழகு பார்த்துக் கலந்த நிறங்கள் என்றுதான் தோன்றும். அவை தோல் மருத்துவர்களின் மேசையிலிருந்து வந்தவை.

அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில் கத்ரினா பாரட் என்ற கறுப்பினப் பெண்மணி, தன்னைப் போன்ற முகத்தைப் போனில் அனுப்ப முடியவில்லையே என்று மகள் கேட்டதை மனத்தில் வைத்து, 2013இல் பல நிற இமோஜிகளைத் தயாரித்து வெளியிட்டார். எழுத்துகளுக்கெல்லாம் எண் கொடுக்கும் யூனிகோடு அமைப்பிடமும் அந்த யோசனையைக் கொண்டுபோனார். 2015 ஜூனில் வந்த யூனிகோடு 8.0இல் ஐந்து தோல் நிறங்கள் இடம்பெற்றன. எந்த நிறங்களை எடுப்பது என்ற கேள்விக்கு அந்த அமைப்பு, மருத்துவத்தில் ஏற்கெனவே புழங்கிய ஃபிட்ஸ்பேட்ரிக் அட்டவணையைக் கடன் வாங்கியது. அதில் ஆறு வகை. முதல் இரண்டையும் ஒன்றாகச் சேர்த்து ஐந்தாக்கினார்கள்.

யாருக்குத் தோல் புற்றுநோய் வரக்கூடும் என்று கணிக்க உலகெங்கும் டாக்டர்கள் பார்ப்பவற்றில் இந்த ஆறு வகையும் ஒன்று. ஆனால் அது புற்றுநோய்க்காகப் பிறந்த அட்டவணை கிடையாது. ஒரு மாத்திரையும் ஒரு விளக்கும் சேர்ந்து சில நோயாளிகளைச் சுட்டுவிட்டதால் பிறந்தது. அந்த மாத்திரையின் நெருங்கிய சொந்தம் ஒன்று நம் வீட்டு நலங்கு மாவு டப்பாவில் இருக்கிறது.

கார்போகரிசியைத்தான் சொல்கிறேன். மாட்டுங்காவில் நம்மூர்ச் சாமான் விற்கும் கடைகளில் பூலாங்கிழங்கு, கஸ்தூரி மஞ்சள், ஆவாரம்பூவோடு சேர்த்துக் கட்டித் தருவார்கள். மராத்திக்காரர்களுக்கு இது பாவச்சி. கறுத்த சின்ன விதை, நெடி தூக்கலாக இருக்கும். பச்சைக் குழந்தைக்கு நிறம் கூடட்டும் என்று அரைத்துத் தேய்க்கிற மாவில் இது சேர்கிறது. ஆனால் சித்தர்களும் ஆயுர்வேதக்காரர்களும் இந்த விதையை வைத்துக்கொண்டிருந்தது நேர் எதிரான வேலைக்கு. தோலில் வெண்புள்ளி விழுந்தவர்களுக்கு இதைக் கொடுத்து வெயிலில் காட்டினார்கள். வெளுத்த இடம் மெல்லக் கறுக்கத் தொடங்கும். மாவில் சேர்கிற அளவு கொஞ்சம், உடனே கழுவியும் விடுகிறோம் என்பதால் குழந்தையின் தோலில் அந்தக் குணம் பெரும்பாலும் தெரிவதில்லை.

1933இல் ஜோயிஸ், மஞ்சுநாத், வேங்கடராவ் என்ற மூன்று இந்திய வேதியியலாளர்கள் இந்த விதையிலிருந்து சொராலன் என்ற பொருளைப் பிரித்தெடுத்து இந்திய வேதியியல் சங்கத்தின் இதழில் எழுதினார்கள். விதை செய்த வேலை எதனால் நடந்தது என்பதற்கு அப்போதுதான் ஒரு பிடி கிடைத்தது. எகிப்தில் நைல் நதிக்கரையில் அம்மி மேஜஸ் என்ற களைச்செடி வளர்கிறது. அங்கேயும் வெண்புள்ளிக்காரர்கள் அதன் பொடியைத் தின்றுவிட்டு வெயிலில் உட்கார்ந்திருக்கிறார்கள். நூற்றாண்டுகளாக நடந்த வழக்கம் இது. 1940களில் கெய்ரோவின் தோல் மருத்துவர் எல் மோஃப்டி அதை ஆஸ்பத்திரிக்குள் கொண்டுவந்து முறையாகச் சோதித்தார். எகிப்திய வேதியியலாளர்கள் அந்தச் செடியிலிருந்து பிரித்த பொருள்களில் ஒன்று மெத்தாக்ஸாலன். கார்போகரிசியின் சொராலனும் இதுவும் ஒரே குடும்பம்.

அந்தக் குடும்பத்தின் வேலை இதுதான். மூலக்கூறு தட்டையாக இருப்பதால் உயிரணுவின் டிஎன்ஏ இழைகளுக்கு நடுவே நுழைந்து படுத்துக்கொள்ளும். இருட்டில் ஒன்றும் செய்யாது. புற ஊதாக் கதிரில் ஏ வகை என்று சொல்கிற நீண்ட அலை பட்டதும் இரு பக்கத்து இழையையும் பிடித்துப் பூட்டிவிடும். பூட்டிய டிஎன்ஏ பிரதி எடுக்க முடியாது; உயிரணு பெருகுவது நிற்கும். நிறமியைச் செய்கிற உயிரணுக்களோ அந்தத் தாக்குதலில் உசுப்பப்பட்டு நிறமியைக் கூட்டும்.

இரண்டாவது விளைவு வெண்புள்ளிக்கு உதவியது. முதல் விளைவை வைத்து பாஸ்டனில் சிலர் வேறு நோயை யோசித்தார்கள். சொரியாசிஸ் என்பது தோலின் மேல் உயிரணுக்கள் அவசரம் அவசரமாகப் பெருகிச் செதில் செதிலாக உதிர்கிற நோய். பெருக்கத்தைத் தடுக்கத் தெரிந்த மருந்து கையில் இருக்கும்போது அதற்கு ஏன் கொடுக்கக் கூடாது? 1974இல் பாரிஷ், ஃபிட்ஸ்பேட்ரிக், டானன்பாம், மதுகர் பாதக் ஆகிய நால்வரும் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் அந்தச் சிகிச்சையை அறிவித்தார்கள். நோயாளி மெத்தாக்ஸாலன் மாத்திரையை விழுங்கி, இரண்டு மணி நேரம் காத்திருந்து, புற ஊதா விளக்குகள் சுற்றிலும் எரிகிற பெட்டிக்குள் நிற்பார். புவா என்று இன்றும் தோல் டாக்டர்கள் சொல்வது இதைத்தான். நால்வரில் பாதக் இந்தியாவில் பிறந்தவர். ஒளியும் தோலும் சந்திக்கும் இடத்தில் என்ன நடக்கிறது என்பதை ஹார்வர்டில் வாழ்நாள் முழுக்க ஆராய்ந்தவர். அவர் பெயர் நம்மிடையே தெரியாமல் போனதில் எனக்கு வருத்தம் உண்டு.

தாமஸ் ஃபிட்ஸ்பேட்ரிக் அப்போது ஹார்வர்டின் தோல் மருத்துவத் துறைத் தலைவர். நிறமிதான் அவருடைய பொருள். மனிதத் தோலில் மெலனின் உண்டாவதற்கு டைரோசினேஸ் என்ற நொதி காரணம் என்று 1950இல் காட்டிய குழுவில் இருந்தவர். அப்படிப்பட்டவருக்கே புதுச் சிகிச்சையில் எவ்வளவு வெளிச்சம் கொடுப்பது என்று முடிவுசெய்வது சிக்கலாகிவிட்டது. தலைமுடியின் நிறத்தையும் கண்ணின் நிறத்தையும் பார்த்து அளவு குறித்தார்கள். பொன்முடி, நீலக்கண் என்றால் கொஞ்சம். கறுப்பு முடி, பழுப்புக் கண் என்றால் தாராளம். அப்படிச் சதுர சென்டிமீட்டருக்கு 4 முதல் 6 ஜூல் வரை கொடுத்தபோது சிலருக்குத் தோல் வெந்து போயிற்று. பார்வைக்குத் தாங்குவார்கள் என்று தெரிந்தவர்கள் தாங்கவில்லை.

நிறத்தைப் பார்த்து ஏமாந்ததால், 1975இல் ஃபிட்ஸ்பேட்ரிக் பார்ப்பதை விட்டுவிட்டுக் கேட்கத் தொடங்கினார். கோடைகாலத் தொடக்கத்தில், உடம்பில் வெயில் பட்டுப் பழகாத தோலோடு, நடுப்பகலில் முக்கால் மணி முதல் ஒரு மணி நேரம் வெளியே இருந்தால் மறுநாள் உங்கள் தோல் சிவந்து எரியுமா? ஒரு வாரம் கழித்துக் கறுக்குமா? எப்போதும் எரியும், கறுக்கவே கறுக்காது என்றால் முதல் வகை. பெரும்பாலும் எரியும், கொஞ்சம் கறுக்கும் என்றால் இரண்டாம் வகை. லேசாக எரிந்து நிதானமாகக் கறுக்கிறவர் மூன்றாமவர். அரிதாகவே எரிந்து சுலபமாகக் கறுக்கிறவர் நான்காமவர். அந்த வகையை வைத்து முதல் நாள் வெளிச்சத்தின் அளவை நிர்ணயித்தார்கள்.

எனக்கு இந்த மாற்றத்தின் மேல் பெரிய மரியாதை. அதற்கு முன்பு தோல் நிறத்தை அளந்தவர்கள் ஆட்களை நிறுத்திவைத்து அளந்தார்கள். ஜெர்மன் மானுடவியலாளர் ஃபெலிக்ஸ் ஃபான் லூஷான் 36 வண்ணக் கண்ணாடி வில்லைகளைத் தோலில் வைத்து ஒப்பிட்டு, மனிதர்களை இனம் இனமாகப் பிரிக்கப் பயன்படுத்தினார். நோயாளிக்கு உதவுவது அந்த வில்லைகளின் நோக்கமே அல்ல. ஃபிட்ஸ்பேட்ரிக்கின் கேள்விக்குப் பதில் தெரிந்தவர் அந்தத் தோலுக்குள் இருப்பவர் மட்டுமே. அவர் சொல்வதை நம்பி மருந்தின் அளவு தீர்மானமாயிற்று.

ஆனால் அந்த நான்கு வகையும் வெள்ளையருக்கு மட்டும். பழுப்பு நிறத்தோரும் கறுப்பு நிறத்தோரும் ஐந்தும் ஆறுமாகப் பின்னால் சேர்க்கப்பட்டார்கள். 1988இல் ஃபிட்ஸ்பேட்ரிக்கே எழுதிய கட்டுரையில் ஆறும் ஒன்றாக வந்தன. சேர்த்த விதத்தில்தான் ஒரு கோணல் நுழைந்தது. வெள்ளைத் தோலிடம் கேள்வி கேட்ட அட்டவணை, நம் தோலை மறுபடியும் பார்க்க மட்டுமே செய்தது. பழுப்பா, ஐந்து. கறுப்பா, ஆறு. கேட்டிருந்தால் தாராவியின் எந்த அம்மாவும் பதில் சொல்லியிருப்பார். வெயில்ல அலையாதடா, கறுத்துப் போயிருவ என்று பிள்ளையிடம் தினம் சொல்வது அந்த இரண்டாம் கேள்விக்கு உரிய விடைதானே. முதல் கேள்விக்கு விடை சொல்வது கொஞ்சம் கடினம். கறுத்த தோலில் சிவப்பு கண்ணுக்குத் தெரியாது, காந்தலும் அரிப்புமாக உணரத்தான் முடியும்.

வெளிச்ச அளவுக்காகச் செய்த அட்டவணை புற்றுநோய் அட்டவணையானது எப்படி? அதற்கும் புவாதான் காரணம். டிஎன்ஏவைப் பூட்டுகிற சிகிச்சை நாளடைவில் என்ன செய்யுமோ என்ற பயம் தொடக்கத்திலிருந்தே இருந்தது. ராபர்ட் ஸ்டெர்ன் என்ற மருத்துவர் அமெரிக்காவின் 16 மருத்துவ மையங்களில் இந்தச் சிகிச்சை பெற்ற 1380 பேரைப் பல பத்தாண்டுகள் விடாமல் கவனித்தார். 1979இலேயே முதல் எச்சரிக்கை வந்துவிட்டது: அவர்களுக்குத் தோல் புற்றுநோய் எதிர்பார்த்ததைவிட அதிகம், அதிலும் முதல் இரண்டு வகைத் தோலினருக்குக் கூடுதல். 1997இல் அடுத்த செய்தி: சிகிச்சை தொடங்கி 15 ஆண்டுகள் கழித்து, தோல் புற்றில் மிகக் கொடியதான மெலனோமாவும் தலைகாட்டியது. நம் நாட்டில் வெண்புள்ளிக்கு மாத்திரை கொடுத்து, விளக்குக்குப் பதில் வெயிலிலேயே நிற்கச் சொல்லும் முறை வெகுகாலமாக நடக்கிறது. அதனால் புற்று வந்தது என்பது இங்கே மிக அரிது. ஒரே மருந்து, ஒரே கதிர். வேறுபட்டது பிறப்போடு வந்த தோல்.

அந்த வேறுபாடு எங்கே இருக்கிறது? நிறமி செய்கிற மெலனோசைட் உயிரணுக்களின் எண்ணிக்கை வெள்ளையருக்கும் நமக்கும் ஏறக்குறைய ஒன்றே. அவை செய்கிற மெலனின் பொட்டலங்களின் அளவும் ரகமும்தான் வேறு. கறுத்த தோலில் பொட்டலங்கள் பெரியவை. பக்கத்துத் தோல் உயிரணுக்களுக்குள் தனித்தனியாகப் போய் உட்கருவின் தலைக்கு மேல் குடைபோலக் கவிந்துகொள்ளும். உட்கருவுக்குள்தானே டிஎன்ஏ இருக்கிறது. 1979இல் செய்த அளவீட்டில் கறுப்பினத்தவரின் மேல்தோலுக்குச் சராசரியாக 13.4 சன்ஸ்க்ரீன் எண்ணுக்கு இணையான காப்பு இருந்தது, வெள்ளையருக்கு 3.4. நம்முடையது பெரும்பாலும் இரண்டுக்கும் இடையில் எங்கேயோ இருக்கும்.

மெலனினிலும் இரண்டு ரகம். கறுப்பு-பழுப்பான யூமெலனின் கதிரைத் தடுக்கும். சிவப்பு-மஞ்சளான ஃபியோமெலனின் தடுப்பதில் மோசம். கதிர் பட்டால் தானே உயிரணுவுக்குக் கெடுதல் செய்யும். எந்த ரகம் உண்டாக வேண்டும் என்று திருப்புகிற விசை எம்சி1ஆர் என்ற மரபணு. செம்முடியும் வெளிறிய தோலும் கொண்டவர்களிடம் அந்த மரபணுவில் மாற்றங்கள் இருப்பதை 1995இல் நியூகாசிலின் ஜோனதன் ரீஸ் குழு கண்டறிந்தது. மெலனோமாவோடு அதற்குத் தொடர்பு இருப்பதும் அடுத்த ஆண்டே தெரிந்தது. ஃபிட்ஸ்பேட்ரிக் கேள்வி கேட்டுப் பிரித்த முதல் வகைக்குப் பரம்பரை விலாசம் கிடைத்துவிட்டது. முடி சிவப்பாக இல்லாமல் ஒரு பிரதியில் மட்டும் மாற்றம் சுமப்பவர்களுக்கும் ஆபத்து சற்றுக் கூடுதல். நடுத்தர நிறக்காரர்கள் சிலருக்குப் புவா விளக்கில் தோல் வெந்ததன் பின்னணியில் இப்படிக் கண்ணில் படாத மரபணுக்கள் இருந்திருக்கலாம் என்று நினைக்கிறேன்.

நம் கதைக்கு இன்னொரு மரபணு முக்கியம். 2005இல் பென்சில்வேனியாவில் கீத் செங் குழு, வரிக்குதிரை மீனில் வெளிறிய ரகம் ஒன்று ஏன் வெளிறியது என்று தேடி எஸ்எல்சி24ஏ5 என்ற மரபணுவைப் பிடித்தது. அதில் ஒரே ஓர் எழுத்து மாறிய வடிவம் ஏறக்குறைய ஐரோப்பியர் அனைவரிடமும் இருக்கிறது. அது இந்தியாவில் எப்படி? 2013இல் ஹைதராபாத் சிசிஎம்பி ஆய்வு நிலையத்தின் குமாரசாமி தங்கராஜ், சந்தனா பாசு மல்லிக், எஸ்டோனிய விஞ்ஞானிகள் எல்லாரும் சேர்ந்து விடை சொன்னார்கள். தென்னிந்தியர் 1228 பேரின் தோல் நிறத்தைக் கருவி வைத்து அளந்தார்கள். அவர்களுக்குள் இருந்த நிற வேறுபாட்டில் சுமார் 27 சதவீதத்தை இந்த ஓர் எழுத்தே விளக்கிவிட்டது. 54 இந்தியச் சமூகங்களில் தேடியபோது பரவலாக, ஆனால் வெவ்வேறு விகிதத்தில் இருந்தது. ஐரோப்பியரிடமும் நம்மிடமும் இருப்பது ஒரே மூலத்திலிருந்து வந்த மாற்றம். வயது சுமார் 22 முதல் 28 ஆயிரம் ஆண்டு. வட இந்தியாவில் அதை இயற்கை தேர்ந்து வளர்த்ததற்குத் தடயம் உண்டு, தென்னிந்தியாவில் இல்லை.

இதை மாட்டுங்காவின் ஒரு கல்யாண வீட்டில் நின்று யோசித்துப் பாருங்கள். அக்கா மாநிறம், தங்கை கறுப்பு, தம்பி சிவப்பு என்று ஒரே வயிற்றில் பிறந்த மூவர் நிற்பார்கள். பெண் பார்க்கும்போது அந்த வேறுபாட்டுக்கு நம் சமூகம் கொடுக்கிற விலை நமக்குத் தெரியும். ஓர் எழுத்து எந்தப் பிள்ளைக்குப் போய்ச் சேர்ந்தது என்பதற்காக ஒரு பெண்ணின் வாழ்க்கையை நிறுத்திவைப்பது கொடுமை. புற்றுநோய்க் கணக்கில் அந்த மூவருக்கும் பெரிய வித்தியாசம் கிடையாது. மூவரிடமும் ஓடுவது யூமெலனின்தான். செம்முடிக்காரர்களின் எம்சி1ஆர் மாற்றங்கள் நம்மிடையே அரிது. ஆஸ்திரேலியாவில் குடியேறிய பிரிட்டிஷ் வம்சத்தாருக்கும் நமக்கும் இருக்கிற தூரத்தோடு ஒப்பிட்டால் மாநிறத்துக்கும் கறுப்புக்கும் உள்ள தூரம் ஒன்றுமே இல்லை.

அந்தத் தூரத்துக்கு எண் உண்டு. இந்தியாவின் முதல் மக்கள்தொகைப் புற்றுநோய்ப் பதிவேடு மும்பையில்தான் 1963இல் தொடங்கியது, டாக்டர் ஜுசாவாலாவின் முயற்சியில். அதிலும் பின்னால் வந்த மற்ற பதிவேடுகளிலும் மெலனோமா ஆண்டுக்கு ஒரு லட்சம் பேரில் ஒருவருக்கும் குறைவு. ஆஸ்திரேலியாவில் அது 30க்கு மேல். அங்கே மூன்றில் இருவருக்கு எழுபது வயதுக்குள் ஏதாவது ஒரு தோல் புற்றுநோய் வந்துவிடுகிறது.

நிறமிதான் காக்கிறது என்பதற்கு இதைவிட நேரடியான, வேதனையான சான்று ஒன்று இருக்கிறது. ஃபிட்ஸ்பேட்ரிக் அட்டவணை போட்ட அதே 1975இல் நைஜீரியாவின் ஒகோரோ என்ற மருத்துவர் அந்நாட்டு அல்பினோக்களைப் பற்றி எழுதினார். அதே வெயில், அதே வம்சம், மெலனின் மட்டும் இல்லை. இருபது வயதைத் தாண்டியவர்களில் புற்றோ அதற்கு முந்திய புண்ணோ இல்லாத ஒருவரைக்கூட அவர் காணவில்லை. அல்பினிசம் ஒடுங்கிய மரபில் வருவது. அப்பா, அம்மா இருவரும் ஒவ்வொரு பழுதான பிரதியைச் சுமந்தால்தான் குழந்தைக்குத் தெரியும். அவர்கள் இருவரும் சாதாரணக் கறுப்பாகவோ மாநிறமாகவோ இருப்பார்கள். சொந்தத்தில் கல்யாணம் செய்யும்போது ஒரே பழுது இரு பக்கமும் இருக்கிற வாய்ப்பு கூடும். தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் நாலில் ஒரு பங்குக்கு மேல் சொந்தத்தில்தான் நடக்கிறது. மாமன் மகள், அத்தை மகன் என்கிற உறவுமுறை மும்பைத் தமிழரிடமும் விட்டுப்போகவில்லை. அப்படிப் பிறந்த பிள்ளை கறுப்பர் குடும்பத்தில் பிறந்திருந்தாலும் அட்டவணையில் முதல் வகை. பார்வையும் மங்கல், கண் கூசும். முழுக்கைச் சட்டை, அகன்ற தொப்பி, சன்ஸ்க்ரீன் எல்லாம் அந்தப் பிள்ளைக்கு மருந்து. பள்ளியில் வெயிலில் வரிசையாக நிற்கவைக்காமல் இருப்பதும் மருந்துதான். குடும்பம் அதை ஏற்கெனவே அறிந்திருக்கும். ஆசிரியர்களுக்கும் தெரிய வேண்டும். வெண்புள்ளிக்காரர்களை இதோடு குழப்பிவிடக் கூடாது. அவர்களுக்கு மெலனோமா ஆபத்து மற்றவர்களைவிடக் குறைவு என்றே ஆய்வுகள் காட்டுகின்றன. நிறமி உயிரணுவைத் தாக்குகிற அவர்களது எதிர்ப்புச் சக்தியே புற்றாக மாறிய நிறமி உயிரணுவையும் தாக்குகிறது.

ஐந்தும் ஆறும் குறைந்த ஆபத்து என்கிற வாசகம் உண்மை. அந்த உண்மைதான் நம்மவர்களைக் கொல்கிறது. வராது என்று டாக்டரும் நோயாளியும் நம்பிவிட்டால் வந்ததை யாரும் பார்ப்பதில்லை. ஃபிட்ஸ்பேட்ரிக்கின் கேள்வி முழுக்க வெயிலைப் பற்றியது. நம் மெலனோமா பெரும்பாலும் வெயில் படாத இடத்தில் வருகிறது: உள்ளங்கால், உள்ளங்கை, நகத்தின் அடி. கறுத்தவர்களுக்கும் அங்கே நிறமி குறைவு. அந்த வகை வெயிலால் வருவதில்லை, ஆகவே குடை பிடிக்கிற மெலனினால் அதைத் தடுக்கவும் முடிவதில்லை. எல்லா நிறத்தாரிடமும் அது ஏறக்குறைய ஒரே அரிதான அளவில் வருகிறது. வெள்ளையருக்கு வேறு வகைகள் ஏராளம் என்பதால் அது எண்ணிக்கையில் மறைந்துபோகிறது, நமக்கு இதுவே முதன்மையாகிவிடுகிறது. பாடகர் பாப் மார்லிக்கு 1977இல் கால் பெருவிரல் நகத்தடியில் வந்தது. பந்து விளையாடியபோது பட்ட அடி என்றுதான் முதலில் எல்லாரும் நினைத்தார்கள். 1981 மே மாதம் 36 வயதில் இறந்தார்.

வெயிலுக்கு வெளியே பார்க்க வேண்டும் என்பதை மும்பை வெகு முன்பே சொல்லியிருக்கிறது. சயானில் ரயில் ஏறினால் மாட்டுங்கா, தாதர் தாண்டிப் பரேல். அங்கே 1941இல் திறந்த டாடா மெமோரியல் ஆஸ்பத்திரியின் நோய்க்குறியியல் ஆய்வகத்தை நடத்தியவர் வி. ஆர். கானோல்கர். அவரும் சூரியாபாயும் 1945இல், பழக்கவழக்கங்களால் இந்தியாவில் வருகிற மூன்று புதுப் புற்றுகளைப் பற்றி எழுதினார்கள். ஒன்று வேட்டிப் புற்று. வருடக்கணக்காக இடுப்பில் இறுக்கிக் கட்டுவதால் அந்த வரியில் தோல் உராய்ந்து, நிறம் போய், தடித்து, புண்ணாகி, சிலருக்குப் புற்றாகும். காஷ்மீரில் குளிருக்கு ஃபெரன் அங்கிக்குள் வைத்துக்கொள்ளும் கங்ரி நெருப்புச் சட்டி தொடையிலும் வயிற்றிலும் இதே வேலையைச் செய்தது. இந்தியத் தோலில் புற்று எங்கே வரும் என்று அறிய, கட்டுகிற துணியையும் பழக்கவழக்கங்களையும் பார்த்தாக வேண்டும் என்று கானோல்கர் காட்டினார். அதைச் செய்தது பெரிய காரியம்.

மருத்துவப் புத்தகங்களில் தோல் நோய்ப் படங்கள் வெகுகாலம் வெள்ளைத் தோலிலேயே இருந்தன. 2020இல் லண்டனில் மலோன் முக்வெண்டே என்ற மருத்துவ மாணவர் தன் ஆசிரியர்களோடு சேர்ந்து, கறுத்த தோலில் நோய் எப்படித் தெரியும் என்று படங்களோடு ஒரு கையேடு போட்டார். 2022இல் சமூகவியலாளர் எல்லிஸ் மங்க் கூகுளுடன் சேர்ந்து பத்து நிற அட்டவணை ஒன்றை வெளியிட்டார், கறுத்த பக்கம் ஃபிட்ஸ்பேட்ரிக்கில் போதாது என்று. இரண்டும் நல்ல காரியங்கள். ஆனால் நிறங்களை எத்தனை ஆக்கினாலும் உள்ளங்காலுக்கு அதில் கட்டம் இல்லை.

1970இல் வாஷிங்டனில் அலெக்ஸாண்டர் ப்ரெஸ்லோ, மெலனோமா தோலுக்குள் எத்தனை மில்லிமீட்டர் ஆழம் இறங்கியிருக்கிறது என்பதுதான் ஆயுளைச் சொல்லும் என்று காட்டினார். ஒரு மில்லிமீட்டருக்குள் இருக்கையில் வெட்டி எடுத்தால் பெரும்பாலோர் பிழைத்துக்கொள்கிறார்கள். நம் ஊரில் அது தாராளமாக இறங்கிய பிறகே டாக்டரிடம் வருகிறது. உள்ளங்காலில் புதிதாகத் தோன்றி வளர்கிற கறுப்பு, ஓரம் ஒழுங்கில்லாமல் ஒரே மச்சத்தில் இரண்டு மூன்று நிறம், ஒரே ஒரு நகத்தில் அகலமாகிக்கொண்டே போய்ப் பக்கத்துத் தோலுக்கும் வழிகிற கறுங்கோடு, ஒரு மாதமாகியும் ஆறாத புண் என்று எதுவானாலும் காட்ட வேண்டும். பல நகங்களில் மெல்லிய கோடுகள் நம்மைப் போன்ற நிறத்தாருக்கு சகஜம். அதற்குப் பயப்பட வேண்டாம். தாராவியிலிருந்து சயான் ஆஸ்பத்திரிக்கு நடந்தே போய்விடலாம். சின்னத் துண்டு எடுத்துப் பார்க்கிற பயாப்ஸி போதும்.

மும்பைத் தமிழர் வீடுகள் பலவற்றில் சர்க்கரை நோயாளிகள் உண்டு. அவர்கள் காலைத் தொடர்ந்து பார்க்கிற டாக்டர்களும் நர்சுகளும் இருக்கிறார்கள். உள்ளங்காலில் ஆறாத புண் என்றால் சர்க்கரைப் புண் என்று கட்டுப்போட்டு மாதக்கணக்கில் விட்டுவிடுவது நடக்கிறது, அது மெலனோமாவாக இருந்து பின்னால் தெரியவந்த கதைகள் மருத்துவ இதழ்களில் நிறைய உண்டு. கால் பார்க்கும் அதே ஐந்து நிமிடத்தில் விரல் இடுக்கையும் நகத்தையும் குதிகாலையும் இந்தக் கண்ணோடும் பார்க்கும்படி அவர்களுக்குப் பயிற்சி கொடுப்பதற்குப் புதிய கருவியோ புதிய கட்டடமோ தேவையில்லை.